குறிக்கோள் வேறு, இலக்கு வேறு

ஓர் இயக்கம் தோற்றுவிட்டால், பகைவரின் வலிமையையும் மக்களின் உணர்வின்மையையும் கரணியங்களாகக் காட்டிவிட்டு அமைந்துவிடுவது எங்கும் வழக்கமாகிவிட்டது. பகைவர் வலியர் என்பது புதிய செய்தியன்று. அவர் வலியராயிருப்பதனாலன்றோ போராட்டமே வேண்டியதாயிற்று! மக்கள் உணர்வற்றவர் என்பதோ பெரும்பாலும் பொய். சிறை செல்ல அணியமாய் நூற்றுக்கணக்கானோர் வந்து நின்ற இடங்களிலும் போராட்டங்கள் பயனின்றி முடிந்திருக்கின்றன. அங்கெல்லாம் குறைந்திருந்தது உணர்வன்று, ஈகமும் அன்று. ‘நாம் கேட்பது இன்னது, அதைத் தரவேண்டியவர் இன்னார், அது கிடைத்துவிட்டது என்று அறிதற்குரிய அடையாளம் இது’ என்று தலைமை வரையறுத்துச் சொல்லாமையே அங்கிருந்த குறை.

குறிக்கோள் என்பது வேறு. இலக்கு என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகின்றது. கலஞ்செலுத்துவோன் விண்மீனைப் பார்த்துத் திசையறிகின்றான்; ஆனால் அவன் சென்று சேர்வது விண்மீனையன்று, ஒரு துறையை. விண்மீன் இல்லையெனில் கலம் திசை தப்பும். துறை இல்லையெனில் கலத்திலுள்ளோர் நடுக்கடலில் உணவின்றி மாள்வர். விடுதலை, இணைமை, மானம் ஆகியவை குறிக்கோள்கள். அவை ஒரு நாளில் முடிவனவல்ல. இலக்கோ ஒரு நாளில் எட்டப்படுவது. எட்டப்பட்டதா இல்லையா என்பதை ஒரு சிறுவனும் கண்டு சொல்லத்தக்கது.

இவ்வுண்மையை மேடைப்பேச்சாகச் சொல்லிப் போவதைவிட, நிகழ்ந்த வரலாற்றினின்று காட்டுவதே தகும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் 1955 முதல் 1963 வரை மூன்று நகரங்களில் நடத்திய போராட்டங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் முன்னின்றவர்களுள் ஒருவர் மார்ட்டின் இலூதர் கிங். மூன்றிலும் கைக்கொள்ளப்பட்ட முறை, பிறர்க்கு ஊறு செய்யாத அறப்போர். மூன்றிலும் மக்கள் துணிவுக்குக் குறைவில்லை. எனினும் முதலாவதும் மூன்றாவதும் வென்றன, நடுவிலிருந்தது நின்றுபோயிற்று. ஏன்?

மாண்ட்கோமரி: சிறிய கேள்வி

அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 1955ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், பேருந்தில் வெள்ளையர்க்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த உரோசா பார்க்சு என்னும் அம்மையார் தளைசெய்யப்பட்டார். அந்நகரப் பேருந்துகளில் ஏறுவோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். ஆயினும் அவர்கள் பின்புறத்தில்தான் அமர வேண்டும். வெள்ளையர் இடமின்றி நின்றால் எழுந்து நிற்கவும் வேண்டும். திசம்பர் 5ஆம் நாள் முதல் அவர்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினர். இருபத்தாறு அகவையே நிரம்பியிருந்த கிங் அப்போராட்டத்திற்குத் தலைவராக்கப்பட்டார்.

அவர்கள் கேட்டவை எவை? மூன்றே மூன்று. ஓட்டுநர்கள் கறுப்பரை மதிப்போடு நடத்த வேண்டும். முன்வந்தோர் முன்னமர்வது என்னும் முறையில், கறுப்பர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் அமர்ந்து வரவேண்டும்; அமர்ந்தவரை எழுப்புதல் கூடாது. கறுப்பர் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநரையும் அமர்த்த வேண்டும். இவற்றுள் நிறப்பாகுபாட்டையே ஒழிக்க வேண்டும் என்னும் வேண்டுகை இல்லை! இன்று இதைப் படிப்போர் ‘இவ்வளவு தாழ்ந்தா கேட்டனர்?’ என்று வியப்பர்; அன்றும் அவ்வாறு குறை சொன்னவர் உண்டு.

ஆனால் விளைந்தது என்ன? அந்தச் சிறிய வேண்டுகையையும் நகரவையும் பேருந்து நிறுமமும் மறுத்தன. மறுத்தவுடன், நேர்மை எப்பக்கம் என்பது கண்ணுள்ள எவர்க்கும் விளங்கிற்று. இதன் பின்னரே, 1956 பிப்பிரவரியில், பேருந்தில் நிறப்பாகுபாடு செய்வதே சட்டத்திற்கு முரண் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க உச்ச வழக்குமன்றம் அதனை உறுதி செய்தது. 381 நாள்கள் நடந்தே சென்றும், தம்முள் ஊர்திகளைப் பகிர்ந்துகொண்டும், கட்டுக்குலையாது நின்ற மக்கள் 1956 திசம்பர் 21ஆம் நாள் பேருந்தில் ஏறி விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர். அவர்கள் போராட்டம் முடிந்தது என்பதை அறிவிக்க எந்தத் தலைவரின் அறிக்கையும் வேண்டியதில்லை; அந்த இருக்கையே அறிவித்தது.

ஆல்பனி: அனைத்தும் கேட்டு அகன்றது

ஆறாண்டுகள் கழிந்தன. சியார்சியா மாநிலத்தில் ஏறத்தாழ 56,000 மக்கள் வாழ்ந்த ஆல்பனி நகருக்கு 1961இல் சார்லசு செரோடு, கார்டெல் இரீகன் என்னும் இளைஞர் இருவர் வந்து மாணவரைத் திரட்டினர். நவம்பரில் உள்ளூர் அமைப்புகள் பலவும் ஒன்றுகூடி ஆல்பனி இயக்கத்தைத் தோற்றுவித்தன. மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன் அதன் தலைவரானார். பல அமைப்புகள் ஒன்றானால் என்ன நேரும்? ஒவ்வொன்றும் தன் வேண்டுகையைக் கொணர்ந்து நடுவில் வைக்கும். பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், நகரப் பேருந்து, நூலகம், பூங்கா, மருத்துவமனை, வேலைவாய்ப்பு, காவலர் கொடுமை, வழக்குமன்ற நடுவர் குழு என அனைத்திலும் நிறப்பாகுபாடு ஒழிய வேண்டும் என்றனர். ஒவ்வொன்றும் நேர்மையான வேண்டுகையே. ஆனால் அனைத்தையும் ஒருங்கே கேட்டபோது, எதை முதலில் தரவேண்டும் என்று எதிரிக்கும் தெரியவில்லை. எதைப் பெற்றால் ஒரு படி ஏறினோம் என்று தொண்டர்க்கும் தெரியவில்லை.

திசம்பரில் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். கிங் வந்தார், அவரும் தளைப்பட்டார். நகரத் தலைவர்கள் வாய்மொழியாகச் சில சொல்லி ஓர் அமைதி ஏற்பாடு செய்தனர். கிங் வெளியேறினார், சொன்னவை காற்றோடு போயின. எழுதி வாங்கத்தக்க தெளிவான இலக்கு இருந்திருப்பின், வாய்மொழியை உடன்பாடென்று கொள்ள வேண்டிய நிலை வந்திராது.

ஆல்பனிப் பேருந்துகளின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1962 தொடக்கத்தில் கறுப்பர் அவற்றைப் புறக்கணித்தனர். வருவாய் இழந்த நிறுமம் இணங்கிவர முன்வந்தது. ஆயின் இயக்கத்தார் நகரவையும் எழுத்தில் உறுதி தரவேண்டும் என்றனர், நகரவை மறுத்தது. முடிவில் பேருந்துகளே ஓடாமல் நின்றன. தரக்கூடியவன் தர வந்தபோது, தரமறுப்பவனை நோக்கிக் கை நீட்டியதால் இருந்ததும் போயிற்று.

மறுபுறத்தில் அந்நகரக் காவல்தலைவர் இலாரி பிரிட்செட்டுக்கு இலக்கு மிகத் தெளிவாக இருந்தது. பலர் பார்க்க அடிக்கக்கூடாது, சிறை நிரம்பக்கூடாது, இவ்விரண்டே. அறப்போர் முறையை அவர் முன்கூட்டியே பயின்றார். சுற்றிலுமுள்ள மாவட்டங்களின் சிறைகளையெல்லாம் கேட்டு வைத்திருந்தார். பிடித்தவர்களை அங்கெல்லாம் அனுப்பினார். 1962 சூலையில் கிங் தண்டத்தொகை கட்ட மறுத்துச் சிறையிருப்பை ஏற்றபோது, எவரோ அத்தொகையைக் கட்டிவிட்டதாகச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டனர்! ஒருபுறம் நேர்மையும் ஈகமும் மிகுந்து இலக்குச் சிதறியிருந்தது. மறுபுறம் நேர்மையற்ற ஆட்சி இரண்டே இலக்குகளை இறுகப் பற்றியிருந்தது. எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டுமோ? ஆகத்துத் திங்களில் கிங் அந்நகரை நீங்கினார். நகரவை பூங்காக்களையும் நூலகத்தையும் இழுத்து மூடிற்று. மறு ஆண்டு நூலகத்தைத் திறந்தபோது, இருநிறத்தாரும் ஒருங்கே அமராதிருக்க, நாற்காலிகளை எடுத்துவிட்டுத் திறந்தது.

ஆல்பனி மக்கள் இதனை முழுத்தோல்வி என்று ஒப்புவதில்லை. அச்சத்தை உதறித் தலைநிமிர்ந்ததே பேறு என்பர் அவர். அது மெய்யே, அவர்தம் துணிவை எவரும் குறைத்துப் பேசுதல் தகாது. ஆனால், பிழை எங்கிருந்தது என்பதைக் கிங்கே பின்னர் வெளிப்படையாக எழுதினார். நிறப்பாகுபாடு முழுவதையும் பொதுவாக எதிர்த்ததைவிட, அதன் ஒரு கூற்றை மட்டும் குறித்துத் தாக்கியிருக்க வேண்டும் என்பதும், வாக்குவலிமை குறைந்த மக்கள் ஆட்சியாளரை அசைக்க முயன்றதைவிட, வாங்கும் வலிமையைக் கொண்டு வணிகரை அசைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

பர்மிங்காம்: எண்ணிப் பார்த்த இருக்கைகள்

1963 சனவரியில் கிங்கும் தோழர்களும் சியார்சியாவில் ஓரிடத்தில் கூடி, பர்மிங்காம் நகரைக் குறித்து ஆய்ந்தனர். அலபாமாவின் அந்நகரில், அருட்பணியாளர் பிரெடு சட்டில்சுவர்த்து 1956 முதல் ஓர் அமைப்பை நடத்திப் பலமுறை உயிர்தப்பிப் போராடி வந்தார். நகர மக்களுள் ஏறத்தாழ ஐவர்க்கு இருவர் கறுப்பர். வாக்குரிமை பெற்றோரோ சிலர். ஆனால் நகர நடுவிலுள்ள பெருங்கடைகளில் நாள்தோறும் பொருள் வாங்குவோர் அவர்கள். வாக்குச்சாவடியில் அவர்க்கில்லாத வலிமை கடைத்தெருவில் இருந்தது. அங்குதான் இலக்கு வைக்கப்பட்டது.

போராட்டத்தைத் திட்டமிட்ட வயட்டு வாக்கர் செய்ததைக் குழு நடத்துவோர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் அக்கடைகளுக்குச் சென்று, சிற்றுண்டிப் பிரிவுகளில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்று எண்ணினார். வாயில்கள் எத்தனை என்று குறித்தார். மக்கள் கூடும் திருச்சபைக் கட்டடத்திலிருந்து கடைக்கு நடந்துசெல்ல இளைஞர்க்கு எவ்வளவு நேரம், முதியோர்க்கு எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டார். முதற்கடையில் நுழைய இயலாவிடின் இரண்டாவது எது, அதுவும் இயலாவிடின் மூன்றாவது எது என வகுத்து வைத்தார். உணர்ச்சியுரை ஆற்றுவோர் நூறு பேர் கிடைப்பர். இருக்கையை எண்ணிவரும் ஒருவர் கிடைப்பதுதான் அரிது!

காலத்தையும் அவர்கள் ஆய்ந்தே தெரிந்தனர். உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய கிழமைகளில் கடைகளில் விற்பனை மிகும். அப்போது கறுப்பர் வாங்காது நின்றால் வணிகர்க்கு இழப்பும் மிகும். ஆனால் அப்போது நகரத் தலைவர் தேர்தல் குறுக்கிட்டது. காவலை ஆண்ட கொடியவர் கானர் அதில் போட்டியிட்டார். போராட்டம் அவர்க்கு வாக்குச் சேர்த்துவிடக் கூடாதென்று தொடக்கத்தையே தள்ளிவைத்தனர். ஏப்பிரல் 2ஆம் நாள் கானர் தோற்றார். 3ஆம் நாள் போராட்டம் தொடங்கிற்று.

வேண்டுகைகள் எவரும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கடைகளின் சிற்றுண்டிப் பிரிவு, கழிப்பறை, ஆடை அணிந்து பார்க்கும் அறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றில் பாகுபாடு நீங்க வேண்டும். கடைகளில் கறுப்பரை விற்பனையாளராகவும் எழுத்தராகவும் அமர்த்த வேண்டும். சிறைப்பட்டோரை விடுவிக்க வேண்டும். எஞ்சியவற்றைப் பேசித் தீர்க்க இருநிறத்தாரும் அமரும் குழு வேண்டும்.

போராட்டம் எளிதாக நடந்துவிடவில்லை. தொடக்கத்தில் முன்வந்தோர் சிலரே. ஏப்பிரல் 12ஆம் நாள் கிங் சிறைப்பட்டார். மே 2ஆம் நாள் முதல் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்தனர். அவர்கள்மீது காவல்நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்டன. அக்காட்சி உலகெங்கும் பரவிற்று. சிறைகள் நிரம்பின, கடைகள் ஆளின்றிக் கிடந்தன. மே 10ஆம் நாள் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 90 நாள்களுக்குள் கடைகளில் பாகுபாடு படிப்படியாக நீங்கும். 60 நாள்களுக்குள் கறுப்பர் பணியமர்த்தப்பெறுவர். இரு கிழமைக்குள் பேச்சுக்குரிய ஏற்பாடு செய்யப்பெறும். நாள் குறித்த உடன்பாடு! ஆல்பனியில் வாய்மொழி, இங்கு நாள்கணக்கு. இரண்டிற்குமுள்ள தொலைவுதான் இலக்கின்மைக்கும் இலக்குடைமைக்கும் உள்ள தொலைவு.

சிறிய இலக்கு இழிவா?

இங்கு ஒரு வினா எழும். ‘சிற்றுண்டிக் கடையில் ஓர் இருக்கைக்காகவா பிள்ளைகள் நாய்க்கடி பட்டனர்? முழு உரிமையைக் கேட்க வேண்டியவர்கள் கூறுபோட்டுக் கேட்டால், எதிரி அந்தக் கூற்றை எறிந்துவிட்டுப் போராட்டத்தை அடக்கிவிட மாட்டானா?’ என்று கேட்போர் இருப்பர். இவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. பர்மிங்காமிலேயே, உடன்பாட்டிற்கு முன் போராட்டத்தை நிறுத்திவைத்தபோது, நீர்ப்பீச்சால் அடிபட்டு மருத்துவமனை சென்று மீண்ட சட்டில்சுவர்த்து கடுஞ்சினங் கொண்டார். உறுதியாகக் கிடைக்குமுன் தளர்த்தலாகாது என்பது அவர் வாதம். அதில் நேர்மையிருந்தது. உடன்பாடு அறிவித்த மறுநாள் இரவே வெடிகுண்டுகள் வீசப்பட்டன. செபுத்தம்பர் 15ஆம் நாள் அதே நகரில் திருச்சபைக் கட்டடத்தில் வைத்த குண்டுக்குச் சிறுமியர் நால்வர் மாண்டனர். ஓர் இலக்கை எட்டியதனால் கொடுமை முழுவதும் ஒழிந்துவிடவில்லை.

ஆயினும், அந்தச் சிறிய இலக்கு செய்த பெரிய வேலை ஒன்றுண்டு. பொதுவிடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1964 சூலை 2ஆம் நாள் நாடு முழுமைக்கும் வந்தது. அச்சட்டத்திற்கு வழி திறந்தது பர்மிங்காம். அனைத்தும் வேண்டும் என்று ஆல்பனியில் முழங்கியபோது ஒரு நகரமும் கிடைக்கவில்லை. ஒரு நகரின் கடைத்தெருவைக் குறித்து நின்றபோது நாடே அசைந்தது. சிறிய இலக்கு இழிவன்று. குறிக்கோளை மறந்த இலக்குத்தான் இழிவு. பெற்ற சிறிதோடு அமைந்துவிடுபவன் விலைபோனவன்; பெற்ற சிறிதின்மேல் நின்று அடுத்ததை எட்டுபவன் வினைவல்லான். இருவரையும் ஒன்றெனப் பேசுதல் அறியாமை.

தலைமையின் கடன்

அதனால், ஒரு குழுவை நடத்த முன்வரும் எவரும், அது நாட்டளாவிய இயக்கமாயினும் சரி, ஒரு தெருவின் படிப்பகமாயினும் சரி, தொண்டரை அழைப்பதற்கு முன் தமக்குள் ஐந்து வினாக்களை எழுப்பி, ஐந்திற்கும் விடை எழுதிவைத்தல் வேண்டும்.

நாம் கேட்பதை ஒரே சொற்றொடரில் சொல்ல முடியுமா? முடியாதெனின் அது இன்னும் நம் உள்ளத்திலேயே உருப்பெறவில்லை என்பது பொருள். அதனைத் தரும் ஆற்றலுடையவர் யார்? ஆற்றலற்றவரிடம் முழங்குவது கல்லிடம் இரப்பதாகும். அவரை அசைக்கவல்லது எது. அது நம் கையில் இருக்கின்றதா? நம் ஆள், பொருள், காலம் ஆகியவை எத்தனை நாள் தாங்கும்? இறுதியாக, எந்த நாளில் எதனைக் கண்ணாற் கண்டு ‘இது முடிந்தது, இனி அடுத்தது’ என்போம்?

இவ்வினாக்கள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட வேண்டியவை அல்ல. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களைத் திருவள்ளுவர் அடுத்தடுத்து வைத்தது எதற்காக? வாக்கர் கடைத்தெருவில் இருக்கையை எண்ணியது வலியறிதலும் இடனறிதலும். தேர்தல் முடியும்வரை காத்திருந்தது காலமறிதல். பாட்டன் சொன்னதை நாம் உரையெழுதி அடுக்கி வைத்தோம். வேறு மண்ணில் வேறு மக்கள், அந்நூலின் பெயரும் அறியாதார், செய்து காட்டினர்.

இலக்கு வகுத்தல் அறிவுத்திறன் பற்றிய செய்தி மட்டுமன்று. அறம் பற்றிய செய்தி. தலைவன் அழைத்தவுடன் வேலையை விட்டுவிட்டு வருகின்றவன் தன் கூலியைத் தருகின்றான். சிறை செல்பவன் தன் நாள்களைத் தருகின்றான். தன் பிள்ளையை அணிவகுப்பிற்கு அனுப்பும் தாய் தன் உயிரினும் மேலானதைத் தருகின்றாள். இவற்றை எதற்காக வாங்குகின்றோம் என்று சொல்ல இயலாதவன், அவற்றை வாங்குவதற்கு என்ன உரிமை உடையான்? தொண்டரின் ஈகம் தலைவனின் புகழுக்கு ஊற்றும் எண்ணெய் அன்று. ஒரு நாள் சிறையிருப்பையும் வீணாக்காமல் கணக்கிட்டுச் செலவிடுபவனே தலைவன். மற்றையோர் கூட்டம் கூட்டுவோர்.

குறிக்கோள் உயர்ந்தே இருக்கட்டும். அதிலிருந்து ஓர் அணுவும் இறங்க வேண்டா. ஆனால் அடுத்த கூட்டத்தில் நாற்பது வேண்டுகைகளை வரிசையாகப் படித்துக் கைதட்டிக் கலைவதற்கு மாறாக, ஒன்றைத் தெரிவு செய்வோம். அதனைத் தரவேண்டியவரின் பெயரை எழுதுவோம். நாள் குறிப்போம். இருக்கைகளை எண்ணி வருவோம். எட்டிய பின் அடுத்ததை எடுப்போம். இங்ஙனம் எட்டியவற்றின் மேல்தான் எட்டாத குறிக்கோளும் ஒரு நாள் கைப்படும்.